கொரிய அதிரடிக் கற்பனைக் காமிக்ஸ்: ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியக் காமிக்ஸ் படிக்கத் தொடங்கிய நண்பர்களும், அவர்களிடமிருந்து அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்ட அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. மூன்றாவது கதையை முடித்ததும் சந்தேகம் எழுகிறது. பத்தாவது கதைக்குள் அது கோபமாகிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்ததால், கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. மாங்கா, மான்ஹ்வா, வெப்டூன் எல்லாம் ஒண்ணுதானே?

மாங்கா ஜப்பானியச் சொல், மான்ஹ்வா கொரியச் சொல். இரண்டும் காமிக்ஸையே குறிக்கின்றன. வெப்டூன் என்பது திரையில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிப்பதற்கென்றே வண்ணத்தில் வரையப்படும் கொரிய வடிவம். நேவர் நிறுவனம் தன் வெப்டூன் சேவையை 2004இல் தொடங்கியது. இங்கே நாம் பேசப்போவது வெப்டூன்களில் ஒரு வகையை மட்டுமே, அதாவது அரக்கர்களும் ஆயுதங்களும் ‘லெவல்’ ஏறும் நாயகனும் கொண்ட அதிரடிக் கதைகளை. காதல், பள்ளி வாழ்க்கை, திகில் என்று கொரிய வெப்டூனில் வேறு பல உலகங்கள் இருக்கின்றன என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு நகர்கிறேன்.

2. எதை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ‘ஒரே மாதிரி’ன்னா சரியா என்ன?

சியோல் நகரத்தின் நடுவே வேறோர் உலகத்துக்கான வாசல் திறக்கிறது. அதை ‘கேட்’ என்கிறார்கள். உள்ளே டன்ஜன் எனப்படும் பாதாளக் கூடம், அதற்குள் அரக்கர்கள். அவர்களோடு மோதும் ஆற்றல் பெற்றவர்கள் ‘ஹன்டர்’கள். அவர்களுக்கு எஸ் முதல் ஈ அல்லது எஃப் வரை தரம் பிரிக்க ஒரு சங்கம் உண்டு. நாயகன் கடைசித் தரத்தில் இருப்பான். வீட்டில் நோயாளித் தாயோ கடனோ இருக்கும். கூட வந்தவர்கள் அவனைச் சாவின் வாயில் விட்டுவிட்டு ஓடுவார்கள். அப்போது அவன் கண்ணுக்கு மட்டும், அவனுடைய திறன்களை எண்களாகக் காட்டும் ஒரு நீலப் பெட்டி தெரியும்.

இது ஒரு பாதை. இன்னொன்றைக் கொரியர்கள் மூன்று சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்து ‘ஹ்வே-பிங்-ஹ்வான்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். நாயகன் செத்துத் தன் பழைய நாட்களுக்கே திரும்புவது, வேறொருவர் உடலில் புகுந்துகொள்வது, புதிதாக மறுபிறவி எடுப்பது என்பவை அந்த மூன்றும். மூன்றிலும் பயன் ஒன்றுதான்: பிறருக்குத் தெரியாத ஒன்று நாயகனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வறைக்குள் போகும் மாணவனைப் போன்றவன் அவன்.

3. எல்லாமே ‘சோலோ லெவலிங்’ல இருந்து சுட்டதுதானே?

இல்லை. கால வரிசையைப் பார்த்தாலே இது தெரியும். சுகோங் எழுதிய அந்த இணைய நாவல் 2016இல் வந்தது; காமிக்ஸ் 2018 மார்ச்சில் தொடங்கி 2021 டிசம்பரில் மூலக்கதையை முடித்தது. அரக்கர்களைக் குழுவாகச் சென்று வேட்டையாடும் ‘ரெய்டு’ வகை நாவல்கள் அதற்கும் முன்பே கொரிய இணையத்தில் நிறைந்திருந்தன. தன் வாழ்க்கையையே விளையாட்டாகக் காணும் மாணவனின் கதையான ‘தி கேமர்’ நேவரில் 2013இல் தொடங்கியது. மெய்நிகர் விளையாட்டுக்குள் திறன்களை வளர்க்கும் நாயகனின் கதையை நாம் ஹீ-சுங் ‘லெஜண்டரி மூன்லைட் ஸ்கல்ப்டர்’ என்னும் நாவல் தொடராக 2007இலேயே தொடங்கிவிட்டார்.

இன்னும் பின்னால் போனால், தொலைபேசி வழிக் கணினி வலையான ஹைடெல்லில் லீ யோங்-டோ 1997இல் ‘டிராகன் ராஜா’ தொடரை எழுதினார். அதன் வெற்றிக்குப் பின் வாடகை நூல்கடைகளை நோக்கி மந்திரவாதிக் கதைகள் மளமளவென்று அச்சாயின. வாசகர்கள் சலித்துப்போய், தொழிற்சாலைச் சரக்கு போலத் தயாராகும் கற்பனை நாவல் என்னும் பொருளில் அவற்றுக்கு ‘யாங்பான்சோ’ என்று பெயர் வைத்தார்கள். ஆக, ‘அரைத்த மாவையே அரைக்கிறார்கள்’ என்ற நம்முடைய புகார், நாம் படிக்கும் காமிக்ஸைவிட வயதில் மூத்தது.

அப்படியென்றால் ‘சோலோ லெவலிங்’ என்னதான் செய்தது? துபு என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் சாங் சுங்-ராக்கின் கையில் அந்தப் பழைய பொருட்கள் ஒரு தோற்றம் பெற்றன. கருமையும் ஊதாவும் கலந்த ஒளி, வெறும் கோடாக நீளும் வெட்டு, திரை முழுவதையும் விழுங்கும் ஒற்றைக் கண் போன்றவை அவை. பின்வந்தவர்கள் பின்பற்றியது கதையைவிட அதிகமாக இந்தத் தோற்றத்தைத்தான் என்பது என் எண்ணம். ஓவியர் 2022 ஜூலையில் காலமானார்.

4. நாவல்ல இருந்துதான் காமிக்ஸ் வருதுன்னா, யார் முந்தி யார் பிந்தின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. இணைய நாவல் வெற்றி பெற்றபின் அதைக் காமிக்ஸாக மாற்றுவது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இணைய நாவல்களையும் காமிக்ஸையும் விற்கும் ககாவோபேஜ் தளம் இதற்கு ‘நாவல் காமிக்ஸ்’ என்று பெயரே வைத்திருக்கிறது. நாவலுக்கும் படத்துக்கும் இடையே சில சமயம் இரண்டு ஆண்டுகளும் சில சமயம் அதைவிடப் பலவும் கடந்துபோகின்றன. அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு வந்து, அதற்கும் பிறகு நம் கைக்கு வருகிறது.

ஆகவே, 2021இல் உங்கள் கண்ணில் பட்ட காமிக்ஸ், 2018இல் வந்ததைப் பார்த்து எழுதப்பட்டது என்று முடிவுகட்டும் முன், அதன் மூல நாவல் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அண்ணனைத் தம்பியின் நகல் என்று திட்டிக்கொண்டிருந்தோம் என்பது பல நேரங்களில் அப்போதுதான் புரியும்.

5. அந்த நீலப் பெட்டி இல்லாம கதையே சொல்லமாட்டாங்களா? எங்கிருந்து வந்தது அது?

கொரிய மொழியில் அதற்கு ‘சாங்டே-சாங்’ என்று பெயர். ‘நிலைச் சாளரம்’ என்று சொல்லலாம், நம் பிள்ளைகள் ‘ஸ்டேட்டஸ் விண்டோ’ என்பார்கள். அது இணைய விளையாட்டிலிருந்து வந்தது. 1990களின் இறுதியில் கொரியாவெங்கும் முளைத்த ‘பிசி பாங்’ எனப்படும் கணினிக் கூடங்களில், மணிக்கணக்கில் ஒரே அரக்கனை அடித்து அனுபவப் புள்ளி சேர்த்த தலைமுறைதான் பின்னாளில் இந்த நாவல்களை எழுதியது, படித்தது. வலிமை, வேகம், அறிவு ஆகியவற்றை எண்ணாகப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

ஒரு சிறு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1998இல் வந்து அந்தக் கூடங்களை நிரப்பிய ‘லீனியேஜ்’ விளையாட்டு, ஷின் இல்-சுக் வரைந்த அதே பெயருடைய காமிக்ஸிலிருந்து பிறந்தது. காமிக்ஸிலிருந்து விளையாட்டு, விளையாட்டிலிருந்து நாவல், நாவலிலிருந்து மறுபடியும் காமிக்ஸ் என்று சரக்கு ஊரைச் சுற்றி வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

எழுத்தாளருக்கு அந்தப் பெட்டியால் இன்னொரு வசதியும் உண்டு. நாயகன் வலுவடைந்தான் என்பதை நம்பவைக்க ஒரு காட்சி எழுத வேண்டியதில்லை. ‘வலிமை 48’ என்று எழுதினால் போதும். வசதியும் சோம்பலும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

6. தினமும் நூறு தண்டால், நூறு சிட்-அப், நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம். இது ‘ஒன் பன்ச் மேன்’ல அப்படியே இருக்கே? இதுகூட காப்பி இல்லையா?

எண் உட்பட அதே பட்டியல்தான். தற்செயல் என்று யாரும் வாதிட முடியாது. ஜப்பானில் ஒன் என்ற புனைபெயருடையவர் 2009இல் இணையத்தில் தொடங்கிய அந்தக் காமிக்ஸில், வெல்ல முடியாத நாயகன் தன் வலிமையின் ரகசியமாக இந்தப் பட்டியலைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவன் கொதித்துப் போகிறான், ஏனென்றால் அது எவரும் செய்யக்கூடிய சாதாரண உடற்பயிற்சி. அங்கே அந்தப் பட்டியல் ஒரு நகைச்சுவை.

‘சோலோ லெவலிங்’கில் அதே பட்டியல் மருத்துவமனையிலிருக்கும் நாயகனின் கண்முன் அன்றாடப் பணியாக வருகிறது. அவன் அலட்சியப்படுத்துகிறான், நள்ளிரவு தாண்டியதும் தரை மாறி மணற்பாலைவனத்தில் விழுகிறான், ராட்சதப் பூரான்கள் துரத்த நான்கு மணி நேரம் உயிர்பிழைக்க வேண்டியதாகிறது. மறுநாளிலிருந்து ஒழுங்காகத் தண்டால் எடுக்கிறான். சிரிப்புக்காகச் சொன்ன பட்டியல் இங்கே தண்டனையோடு கூடிய கட்டளையாகிவிடுகிறது. வாசகர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றே எடுத்தாண்டது இது என்று நான் படிக்கிறேன். திருடுகிறவன் எண்ணையாவது மாற்றியிருப்பான்.

7. எழுதுறவங்களுக்கு வேற கற்பனையே வராதா? ஏன் எல்லாரும் ஒரே பாதையில போறாங்க?

கற்பனை வறட்சி என்று சொல்வது எளிது. விற்கும் முறையைப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகத் தெரியும். கொரியாவில் இணைய நாவல் அத்தியாயம் அத்தியாயமாக விற்கப்படுகிறது. சுமார் 5,000 எழுத்துகள் கொண்ட ஓர் அத்தியாயத்துக்கு வழக்கமான விலை 100 வோன். முதல் சில பத்து அத்தியாயங்களை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பணம் கேட்பார்கள். 2013இல் வந்த ககாவோபேஜ், 2014இல் ‘காத்திருந்தால் இலவசம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட நேரம் காத்திருந்தால் அடுத்த அத்தியாயம் இலவசமாகத் திறக்கும், காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கலாம். அதாவது விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது வாசகரின் பொறுமையின்மை.

இந்த ஏற்பாட்டில், நாயகன் இருபது அத்தியாயம் அவமானப்பட்டுக்கொண்டே இருந்தால் வாசகர் போய்விடுவார். கொரிய வாசகர்கள் இதற்கு இரண்டு உணவுப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். தொண்டையை அடைக்கும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ‘கோகுமா’, நாயகன் வாய்மூடி நிற்கும் காட்சிக்கு. அதை இறக்கிவிடும் வாயுநிரம்பிய இனிப்புப் பானம், ‘சைடா’, எதிரியின் முகத்தில் விழும் அறைக்கு. கிழங்கு நீண்டால் பின்னூட்டத்தில் திட்டு விழும். கடந்தகாலத்துக்குத் திரும்பிய நாயகனுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்பதால் கிழங்கு குறைவு, பானம் அதிகம். இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த மூன்று பாதைகளும் நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

தலைப்புகள் ஒன்றுபோல் இருப்பதும் இதனால்தான். ‘நான் மட்டும்’, ‘எஸ்எஸ்எஸ் தரம்’, ‘திரும்பி வந்தவன்’ போன்றவை தலைப்பு என்பதைவிடச் சரக்கின் மேல் ஒட்டிய சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

8. கதையை விடுங்க, படமும் முகமும் கட்டடமும்கூட ஒரே மாதிரி இருக்கே? ஒரே ஆள்தான் வரையுறாரா?

சில நேரங்களில் ஒரே இடத்தில்தான் வரைகிறார்கள். வாரம் ஒரு அத்தியாயம், அதற்கு அறுபது எழுபது கட்டங்கள், எல்லாம் முழு வண்ணத்தில் என்பது தனியொருவரால் நெடுநாள் தாங்கக்கூடிய வேலையன்று. ஆகவே ஸ்டுடியோக்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன: காட்சித் திட்டம் ஒருவர், கோடு ஒருவர், வண்ணம் ஒருவர், பின்னணி ஒருவர். ‘சோலோ லெவலிங்’கும் ‘ஆம்னிஷியன்ட் ரீடர்’ஸ் வியூபாயிண்ட்’டும் ரெடைஸ் என்ற ஒரே ஸ்டுடியோவிலிருந்து வந்தவை. ஒரே அடுப்பில் சமைத்ததில் ஒரே வாசனை வருவது இயல்பு.

கட்டடங்களின் கதை வேறு. பின்னணிகளைப் பெரும்பாலும் ஸ்கெட்ச்அப் போன்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய மாதிரிகளிலிருந்து எடுக்கிறார்கள். ஏகான்3டி போன்ற இணையச் சந்தைகளில் வகுப்பறை, அரண்மனை, மருத்துவமனைத் தாழ்வாரம் என்று அவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம். வாங்கியவர் எவரும் பயன்படுத்தலாம் என்பதால் இதில் திருட்டு எதுவும் இல்லை. ஒருமுறை, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் ஒரே பளிங்குப் படிக்கட்டை அடுத்தடுத்த நாளில் இரண்டு கதைகளில் பார்த்தேன். முதலாவதில் அது பிரபுவின் மாளிகை, அடுத்ததில் ஹன்டர் சங்கத்தின் முகப்பு. கைப்பிடியின் சுருள்கூட மாறவில்லை. அன்றிலிருந்து சண்டையைவிட்டுப் படிக்கட்டைப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

9. அப்போ எதைத்தான் திருட்டுன்னு சொல்லலாம்?

கருத்துக்குப் பாதுகாப்பில்லை, அதை வெளிப்படுத்திய குறிப்பிட்ட வடிவத்துக்கே பாதுகாப்பு என்பதுதான் கொரியப் பதிப்புரிமையிலும் அடிப்படை. ‘கேட்’, ‘ரேங்க்’, ‘நீலப் பெட்டி’ எல்லாம் கருத்துகள், எவரும் எடுக்கலாம். காமிக்ஸ் ஓவியர் கிம் ஜின், பண்டைக் கொரியாவின் கோகுரியோ நாட்டை வைத்து வரைந்த தன் ‘காற்றின் நாடு’ தொடரைப் பின்பற்றிவிட்டதாக, ‘தி லெஜண்ட்’ தொலைக்காட்சித் தொடரின் கதைச்சுருக்கத்தை எழுதியவர் மீது வழக்குத் தொடுத்தார். சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் 2007இல் அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டும் ஒரே நாட்டையும் நான்கு திசைக் காவல் தெய்வங்களையும் தொட்டிருந்தும், ஒற்றுமை கருத்தளவிலேயே நின்றுவிட்டது.

ஆனால் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. ‘ஃபார்ம் ஹீரோஸ்’ என்ற கைபேசி விளையாட்டுக்கும் அதைப் போன்ற ‘ஃபாரஸ்ட் மேனியா’வுக்கும் இடையிலான வழக்கில் கொரிய உச்ச நீதிமன்றம் 2019 ஜூனில் வேறொன்றைச் சொன்னது. தனித்தனிக் கூறுகள் பொதுவானவையாக இருந்தாலும், அவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று பிணைத்த விதம் தனித்துவமாக இருந்தால் அந்தப் பிணைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. அது விளையாட்டுக்குச் சொன்னது என்றாலும், பத்துப் பொதுச் சரக்கை அதே வரிசையில் எடுத்துவைக்கும் எவரும் நினைவில் கொள்ள வேண்டியது.

படத்தில் இந்தக் கோடு இன்னும் கூர்மையானது. பிறர் வரைந்த கட்டத்தின் மேலேயே தாள் வைத்ததுபோல் அச்சடித்து வரைவதை ‘டிரேசிங்’ என்கிறார்கள். முழங்கை மடிந்த கோணம், துணியின் மடிப்பு, தெறித்த ரத்தத் துளியின் இடம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் அதைச் சூத்திரம் என்று சமாளிக்க முடியாது. கொரிய வாசகர்களே இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். கதை ஒற்றுமையை மன்னிப்பவர்களும் இதை மன்னிப்பதில்லை, அதுவே நியாயம்.

10. கொரியாக்காரங்களே ஜப்பானையும் சீனாவையும் பார்த்துத்தானே செய்யறாங்க?

எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மறைக்கவும் இல்லை. முரிம் எனப்படும் வாள்வீரர் கதைகளில் வரும் ஷாவோலின், வூதாங், ஹுவா மலைக் குழுக்கள் சீன நாவல்களிலிருந்து முழுதாகக் குடிபெயர்ந்தவை. வாள்வீரர் கதைகளுக்குப் பெயர்பெற்ற சீன எழுத்தாளர் சின் யுங்கின் நாவல்கள் 1986இல் ‘வீரர்களின் வாயில்’ என்ற பொருள்தரும் தலைப்பில் கொரிய மொழிக்கு வந்தபின் அந்த மோகம் பெரிதாயிற்று. ‘ஒன்பது குழு, ஒரு பிச்சைக்காரர் சங்கம்’ என்ற பட்டியலை இன்று எந்தக் கொரிய வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது ஊர்ப் பொதுக்கிணறு.

ஜப்பானிய ‘இசெகாய்’ கதைகளோடு உள்ள உறவு சற்றுச் சிக்கலானது. அங்கே நாயகன் பெரும்பாலும் வேறோர் உலகத்துக்குப் போய்விடுவான். கொரிய ஹன்டர் கதையிலோ அந்த உலகம் சியோலின் சுரங்க ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறது. வாடகையும் மருத்துவமனைக் கட்டணமும் வேலைச் சந்தையும் அப்படியே இருக்கும். தரச்சீட்டு, உரிமம், சங்கம், ஒப்பந்தத் தொகை என்று அரக்கனைக் கொல்வதும் அங்கே ஒரு வேலையாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை நான் நகல் என்று சொல்லமாட்டேன்.

11. இந்தச் சூத்திரம் தெரிஞ்சே அதைக் கலாய்க்கிற கதை இருக்கா?

இருக்கிறது. சிங்-சாங் என்ற புனைபெயரில் எழுதும் இருவரின் ‘ஆம்னிஷியன்ட் ரீடர்’ஸ் வியூபாயிண்ட்’ 2018இல் நாவலாகவும் 2020இல் காமிக்ஸாகவும் தொடங்கியது. அதன் நாயகன் கிம் தோக்ஜா, வேறெவரும் படிக்காத 3,149 அத்தியாய இணைய நாவலைக் கடைசிவரை படித்து முடித்த ஒரே ஆள். சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போது அந்த நாவல் உண்மையாகிவிடுகிறது. ‘தோக்ஜா’ என்ற சொல்லுக்கு வாசகன் என்றும் ஒரே மகன் என்றும் பொருள் உண்டு. மீண்டும் மீண்டும் காலத்தில் திரும்பிவரும் வழக்கமான அதிரடி நாயகன் இதில் இரண்டாம் பாத்திரம். அத்தனை முறை திரும்பியதால் அவன் மனம் எப்படிக் கெட்டிப்பட்டுப் போயிற்று என்பதை அந்தக் கதை விடாமல் பார்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மனிதர்களின் போராட்டத்தை வானிலிருந்து பார்த்துக் காசு வீசும் ‘நட்சத்திரத் தெய்வங்கள்’ அந்தக் கதையின் வெற்றிக்குப் பிறகு எத்தனையோ கதைகளில் குடியேறிவிட்டன. சூத்திரத்தைக் கேள்வி கேட்டதும் ஒரு சூத்திரமாகிவிட்டது.

12. ஒரு கதை வெறும் நகலா, இல்ல நல்லா கையாண்டதான்னு நீங்க எப்படிப் பார்ப்பீங்க?

நான் நாயகனைப் பார்ப்பதில்லை, அவன் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறேன். மோசமான நகலில் இரண்டாம் நிலை வீரர்களுக்கு ஒரே வேலை: வாயைப் பிளந்து ‘இது எப்படிச் சாத்தியம்!’ என்று வியப்பது. நல்ல கதையில் அவர்களுக்கும் அச்சம், கணக்கு, பிழைப்பு இருக்கும். அடுத்தது விலை. திரும்பி வந்தவன் எதை இழந்தான்? ஷின் நோவாவின் ‘எஸ்எஸ்எஸ் கிளாஸ் ரிவைவல் ஹன்டர்’ கதையில், தன்னைக் கொன்றவரின் திறன் நாயகனுக்குக் கிடைக்கும், நாள் ஒன்று பின்னால் போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் உண்மையிலேயே செத்தாக வேண்டும். அதே நீலப் பெட்டிதான், ஆனால் அதைத் திறக்கத் தயங்குவோம்.

13. நானும் ஒரு கதை வரையப் போறேன். ஸ்டேட்டஸ் விண்டோ, கேட் எல்லாம் வைக்கலாமா? யாராவது கேஸ் போடுவாங்களா?

ஒன்பதாம் கேள்வியில் சொன்னபடி அவற்றைத் தாராளமாக வைக்கலாம். ‘சோலோ லெவலிங்’ நாயகனைப் போல நிழல்களைப் படையாக எழுப்பும் மன்னன், அவனுக்கு அந்தப் பட்டப்பெயர், ‘எழுந்திரு’ என்ற அந்த ஒற்றைச் சொல் கட்டளை, அதைச் சொல்லும்போது அவன் கை நிற்கும் விதம் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் மட்டும், அது பொதுக்கிணற்றுத் தண்ணீர் அல்ல, ஒருவர் வீட்டுக் குடம்.

பின்னணி மாதிரிகளை வாங்கும்போது உரிமத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். தனிப்பட்ட பயிற்சிக்கு அனுமதிப்பதும், விற்பனைக்கு அனுமதிப்பதும் வெவ்வேறு விலையில் இருக்கும். அப்புறம், அந்த வளைந்த பளிங்குப் படிக்கட்டை மட்டும் வாங்காதீர்கள். நான் கண்டுபிடித்துவிடுவேன்.